வீட்டுக்குள் தெரியும் சி.சி.டி.வி., வெளியூரில் ஏன் தெரிவதில்லை? உங்கள் ஐ.பி. முகவரி உண்மையில் யாருடையது?

பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பெரியப்பாவின் தோட்டம். தென்னை, கொஞ்சம் மக்காச்சோளம், நாலு மாடு. சாளையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும்தான். சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், இதே மாதிரி ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம், தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்ட செய்தி வந்தது. கொங்குப் பகுதியில் தோட்டத்தில் பெற்றோரை விட்டுவிட்டு கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்த மாதங்கள் ஞாபகம் இருக்கும். கேமரா மாட்டுகிற கடைகளில் ஆள் கிடைக்கவில்லை. பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். அவரும் நாலு கேமரா, ஒரு டி.வி.ஆர். பெட்டி வாங்கி மாட்டினார். ஆபீசில் இருந்தபடியே கைபேசியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து பழைய இணைய இணைப்பை எடுத்துவிட்டு, ஊருக்குள் புதிதாக வந்த ஃபைபருக்கு மாறினார்கள். வேகம் நாலு மடங்கு. ஆனால் அன்றிலிருந்து கேமரா சரவணம்பட்டியில் தெரியவில்லை. தோட்டத்து வைஃபையில் இருந்தால் பளிச்சென்று தெரிகிறது. கேட்டைத் தாண்டி வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ‘இணைக்க முடியவில்லை’.

கேமரா மாட்டியவர் மூன்று முறை வந்தார். ரவுட்டரை மாற்றினார், டி.வி.ஆரை அணைத்துப் போட்டார், ஒயரைக்கூட மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. பெரியப்பா என்னிடம் கேட்டது இது: “ஏங்கண்ணு, நம்ம ஊட்டுக் கேமரா நம்ம ஊட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்சா அது எதுக்காகுது? ஊட்டுக்குள்ள இருக்கறப்ப நானே சன்னல்ல பாத்துக்குவனே!”

நியாயமான கேள்வி. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ‘வேன் ஐ.பி.’ என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் ஒரு எண் இருந்தது. இணைய சேவை நிறுவனம் அந்தத் தோட்டத்துக்குக் கொடுத்த முகவரி அதுதான். ஆனால் உலகத்தில் வேறு யாருக்கும் அந்த முகவரிக்கு வழி தெரியாது.

ஏன் என்று பார்ப்போம்.

காம்பவுண்டு வீடும் ஒரே கதவு எண்ணும்

திருப்பூரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு காம்பவுண்டு வீடு தெரியும். ஒரே கேட். உள்ளே எட்டோ பத்தோ வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கதவு எண். கேட் பக்கத்திலேயே ஹவுஸ் ஓனர் அக்கா.

உள்ளே ‘மூணாவது வீடு’, ‘கடைசி வீடு’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆனால் ஒரு கடித உறையில் ‘மூணாவது வீடு’ என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் அது எங்கே போகும்? ஊரில் இருக்கிற எல்லா காம்பவுண்டிலும்தான் மூணாவது வீடு இருக்கிறதே.

உங்கள் வீட்டு வைஃபையும் ஒரு காம்பவுண்டுதான். கைபேசி, டி.வி., லேப்டாப், கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஒரு உள்முகவரி கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அதே 192.168தான். காந்திபுரத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடையிலும் அதுதான். இவை தனியார் முகவரிகள். 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168 என்று மூன்று தொகுப்புகளை இதற்காகவே 1996 பிப்ரவரியில் வெளியான ஒரு இணையத் தர ஆவணம் ஒதுக்கி வைத்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். கேட்டுக்கு வெளியே செல்லாது.

வெளியே செல்லுபடியாவது பொது முகவரி. பப்ளிக் ஐ.பி. என்பார்கள். உலகத்திலேயே ஒரு சமயத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அந்த எண் இருக்கும்.

அப்படியானால், பொது முகவரி இல்லாத உங்கள் கைபேசி எப்படி யூடியூப் பார்க்கிறது? இங்கேதான் ஹவுஸ் ஓனர் அக்கா வருகிறார். அவர் வேலையை ரவுட்டர் செய்கிறது. அந்த வேலைக்குப் பெயர் நேட், அதாவது முகவரி மாற்றம்.

நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கைபேசியிலிருந்து கிளம்பும் டேட்டா பொட்டலத்தில் அனுப்புநர் முகவரி 192.168.1.5 என்று இருக்கிறது. ரவுட்டர் அதை அடித்துவிட்டு, தன்னுடைய பொது முகவரியை எழுதுகிறது. கூடவே 40001 என்பது மாதிரி ஒரு போர்ட் எண்ணையும் போடுகிறது. பிறகு தன் நோட்டில் குறித்துக்கொள்கிறது: ‘40001-க்கு பதில் வந்தால் 192.168.1.5-க்குக் கொடுக்கணும்.’ பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து, சரியான ஆளிடம் சேர்க்கிறது. ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு வீடியோ பார்த்தாலும் குழப்பம் வராததற்கு இந்த நோட்டுதான் காரணம்.

நோட்டு பெரியதல்ல. கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை இல்லை என்றால் அந்த வரியை ரவுட்டர் அழித்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருப்பவர் முதலில் எதையாவது கேட்டிருந்தால்தான் நோட்டில் வரி இருக்கும். யாரும் கேட்காமலே வெளியே இருந்து ஒருவர் வந்து கேட்டைத் தட்டினால்? “யாரைப் பார்க்கணும்? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று அக்கா திருப்பி அனுப்பிவிடுவார். சரவணம்பட்டியிலிருந்து தோட்டத்துக் கேமராவைப் பார்க்க முயலும் அண்ணன், ரவுட்டர் கண்ணில் அப்படித் தட்டுகிற ஒரு வெளியாள்தான்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. ‘இந்த எண் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கடைசி வீட்டுக்கு அனுப்புங்க’ என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். பழைய இணைப்பில் கேமரா மாட்டியவர் இதைத்தான் செய்து கொடுத்திருந்தார். வீட்டுக் காட்சி முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வர் வழியாகப் போக வேண்டாம் என்று அண்ணன் பிடிவாதமாகக் கேட்டதால் செய்த ஏற்பாடு. புதிய ஃபைபர் இணைப்பிலும் அதே செட்டிங் அப்படியே இருந்தது. ஆனாலும் தெரியவில்லை.

ஏனென்றால் இப்போது கேட்டுக்கு வெளியே இன்னொரு கேட் இருந்தது.

தெருவுக்கே ஒரு கேட்

இந்தக் கதை ஒரு தட்டுப்பாட்டில் தொடங்குகிறது. நாம் இன்றும் அதிகம் புழங்கும் ஐ.பி.வி.4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். 1980-களின் தொடக்கத்தில் இந்த முறை வந்தபோது அது கொள்ளாத எண்ணிக்கை. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். 17 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும், கிட்டத்தட்ட 1 கோடியே 67 லட்சம், இன்றைக்கும் ஆப்பிள் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 34.58 லட்சம். கோவை மாவட்டம் மாதிரி நாலே முக்கால் மாவட்டத்துக்கு ஆளுக்கொன்று கொடுக்கும் அளவு முகவரி ஒரே கம்பெனியிடம்!

முகவரி தீர்ந்துவிடும் என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. நேட் முறையை விவரிக்கும் முதல் ஆவணத்தை 1994 மே மாதம் செல் எகெவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் எழுதினார்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாளிக்க ஒரு குறுகிய கால ஏற்பாடு என்றுதான் அவர்களே சொன்னார்கள். முப்பது வருடம் தாண்டிவிட்டது. நம்ம ஊரில் ‘தற்காலிக’ பஸ் ஸ்டாண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

2011 பிப்ரவரி 3-ம் தேதி உலகத் தொகுப்பில் இருந்த கடைசி ஐந்து பெரிய தொகுதிகளும் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு தமிழ்நாடு ஏப்ரல் 13-ம் தேதி சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டு, 14-ம் தேதி சித்திரைக்கனி பார்த்து முடித்த மறுநாள், ஏப்ரல் 15-ல், ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் வழக்கமான கையிருப்பு முடிந்துவிட்டதாக அறிவித்தது. அதன்பிறகு ரேஷன்தான். 2019-ல் இருந்து புதிதாகக் கேட்கும் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 முகவரிகள். மேலே வேண்டுமென்றால் வைத்திருப்பவர்களிடம் காசு கொடுத்துதான் வாங்க வேண்டும்.

இந்தியாவில் வீட்டு இணையம் வேகமாகப் பரவியதே இதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஃபைபர் இழுக்கும் ஒரு உள்ளூர் நிறுவனத்திடம் 512 முகவரி இருந்தால் என்ன செய்வது?

வீட்டில் ரவுட்டர் செய்த அதே தந்திரத்தை நிறுவனம் தன் பெரிய பெட்டியில் செய்கிறது. தெருத் தெருவாக வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறது. இதற்கு சி.ஜி.நேட் என்று பெயர். இப்படி நிறுத்தப்படும் வீடுகளுக்குக் கொடுப்பதற்காகவே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையிலான சுமார் 42 லட்சம் எண்களை ஒதுக்கினார்கள். பெரியப்பா தோட்டத்து 100.72 அந்த வகையறா.

எத்தனை வீட்டுக்கு ஒரு முகவரி? அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்கு மட்டும் எளிது. ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள். முதல் 1,024-ஐ ஒதுக்கி வைத்தால் மிச்சம் 64,512. வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்துக் கொடுத்தால் 64 வீடுகள் ஒரே முகவரியில். இன்னும் கஞ்சத்தனமாகக் கொடுத்தால் இன்னும் அதிக வீடுகள். ஒரு சாதாரண செய்தி இணையதளத்தைத் திறந்தாலே விளம்பரங்களோடு சேர்த்துப் பல இணைப்புகள் ஒரே நேரத்தில் திறக்கும் (எங்கள் தளமும் இதற்கு விலக்கல்ல). சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு, பங்கு போர்ட் தீர்ந்துபோவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று அடிக்கடி படம் காட்டிக் கேட்பதும் இதனால்தான். இணையதளத்தின் பார்வையில் 64 வீடுகளும் ஒரே ஆள். அதில் ஒருவர் வீட்டு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்து அது எங்காவது குறும்பு செய்தால், அடி எல்லோருக்கும் விழும்.

இப்போது கேமராவுக்கு வருவோம். தோட்டத்து ரவுட்டரில் ‘இந்த எண்ணில் வந்தால் டி.வி.ஆருக்கு அனுப்பு’ என்று சொல்லி வைத்தாயிற்று. ஆனால் வருகிறவர் அந்த ரவுட்டர் வரை வந்தால்தானே? அதற்கு முன்பே நிறுவனத்தின் பெரிய கேட்டில் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நோட்டில் எழுத உங்களுக்கு அனுமதி கிடையாது. மூன்று முறை ரவுட்டரை மாற்றினாலும் முப்பது முறை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

கேட்டில் நிற்கும் போலீசுக்கு என்ன பதில்?

கேமரா தெரியாதது ஒரு பிரச்சினை. இதே பங்கு முகவரியில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, அது இன்னும் கனமானது.

யாரோ ஒருவர் ஆன்லைனில் மோசடி செய்கிறார். வங்கியின் சர்வரில் ஐ.பி. முகவரி பதிவாகிறது. அந்த முகவரிக்குப் பின்னால் 64 வீடுகள். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

முகவரி, போர்ட் எண், நொடி சுத்தமான நேரம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் நிறுவனத்தின் நோட்டைப் புரட்டி ஒரு வீட்டைச் சொல்ல முடியும். இந்தியாவில் இணைய சேவை உரிமம் பெற்றவர்கள் இந்த முகவரி மாற்றப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் அந்தக் காலத்தை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டாக உயர்த்தினார்கள். சிக்கல் மறுமுனையில். பல இணையதளங்கள் வந்தவரின் ஐ.பி.யை மட்டும் குறித்துக்கொண்டு போர்ட் எண்ணை விட்டுவிடுகின்றன. போர்ட்டையும் குறியுங்கள் என்று 2011 ஜூனிலேயே ஒரு இணையத் தர ஆவணம் பரிந்துரைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், 2017 அக்டோபரில் சி.ஜி.நேட்டைக் கைவிட வேண்டும் என்றே வெளிப்படையாகக் கேட்டது.

நேரம் தப்பினாலும் போச்சு. இந்தியாவில் சர்வர் நடத்துபவர்களும் நிறுவனங்களும் தங்கள் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவு போட்டது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு நிமிடம் தள்ளிப் பார்த்தால் அதே போர்ட் பக்கத்துத் தெரு வீட்டுக்குப் போயிருக்கும்.

தவறான வீட்டைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2007 ஆகஸ்ட் கடைசியில், இணையத்தில் சிவாஜி மன்னரை அவமதித்துப் படம் போட்டதாகப் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீசார் கைது செய்தார்கள். இணைய நிறுவனம் கொடுத்த ஐ.பி. விவரம் தவறு, அவருக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்து வெளியே வருவதற்குள் 50 நாள் சிறையில் கழிந்திருந்தது. அது சி.ஜி.நேட்டால் நடந்ததல்ல. ஒரு முகவரியில் ஒரே ஒரு வாடிக்கையாளர் இருக்கும்போதே இப்படி என்றால், 64 பேர் இருக்கும்போது எத்தனை கவனம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு எந்தக் கேட்டுக்குப் பின்னால்?

கண்டுபிடிப்பது இரண்டு நிமிட வேலை. ரவுட்டர் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும்) வேன் ஐ.பி. என்ன என்று பாருங்கள். பிறகு அதே வைஃபையில், ‘வாட் இஸ் மை ஐ.பி.’ என்று கூகுளில் தேடி, அது காட்டும் ஐ.பி.வி.4 எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்தமாகப் பொது முகவரி இருக்கிறது. வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127-க்குள்ளோ 10 என்றோ தொடங்கினால், நீங்களும் பெரியப்பா கட்சி.

கேமரா தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு எளிய வழி, கேமரா கம்பெனியின் ஆப். இதில் கேமராவே முதலில் வெளியே போய் கம்பெனி சர்வரிடம் ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நோட்டில் வரி அழியாமல் இருக்க அடிக்கடி சின்னதாக ஒரு பொட்டலம் அனுப்பும். நீங்களும் ஆப் மூலம் அதே சர்வருக்குப் போவீர்கள். இரண்டு பேரும் உள்ளிருந்து வெளியே போனவர்கள் என்பதால் எந்தக் கேட்டும் தடுக்காது. வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்வதும் ஏறத்தாழ இதே மாதிரிதான். கேமராவுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இரண்டாவது வழி, நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்குவது. இங்கே ஒரு நுணுக்கம். எல்லோரும் ‘ஸ்டேட்டிக் ஐ.பி. போட்டுக்கங்க’ என்பார்கள். ஸ்டேட்டிக் என்றால் மாறாத முகவரி. கேமரா பார்ப்பதற்கு அது மாறாமல் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, பொதுவானதாக இருந்தால் போதும். மாறுகிற முகவரியைத் தேடித்தரும் டி.டி.என்.எஸ். வசதி பல டி.வி.ஆர்.களிலேயே இருக்கிறது. சி.ஜி.நேட் இல்லாத இணைப்பு தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் ஸ்டேட்டிக்குக்குக் காசு கட்டலாம்.

பொது முகவரி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது. 2016-ல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றை வைத்து அக்டோபர் 21-ம் தேதி நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. சி.ஜி.நேட்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். இந்த மாதிரித் தட்டல்கள் உங்கள் வீடு வரை வராமல் அது தடுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, அந்த 1994-ல் காத்திருந்த நிரந்தரத் தீர்வு. ஐ.பி.வி.6. இதில் முகவரிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய தொகுப்பிலேயே 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள். கேமராவுக்கு, டி.வி.க்கு, மாட்டுக் கொட்டகை பல்புக்குக்கூடத் தனித்தனிப் பொது முகவரி கொடுக்கலாம். யாரை உள்ளே விடுவது என்பதை உங்கள் ரவுட்டரின் ஃபயர்வாலில் நீங்களே முடிவு செய்யலாம்.

வேடிக்கை என்னவென்றால், இதில் இந்தியா உலகத்தில் முன்வரிசையில் இருக்கிறது. நாட்டின் இணையப் பயனாளர்களில் பாதிக்கு மேல் ஐ.பி.வி.6 பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பெரிய காரணம் மொபைல் நிறுவனங்கள். உங்கள் கைபேசியில் டேட்டாவை ஆன் செய்து பார்த்தால், அநேகமாக இப்போதே ஒரு ஐ.பி.வி.6 முகவரி இருக்கும். பின்தங்கியிருப்பது வீட்டுக்கு வரும் ஒயர். தொலைத்தொடர்புத் துறை 2013 மார்ச்சில் வெளியிட்ட திட்டம், 2014 ஜூன் 30-க்குப் பிறகு தரும் புதிய வீட்டு இணைப்புகள் ஐ.பி.வி.6 தாங்க வேண்டும் என்றது. கெடு தள்ளிப்போனது. 2021 நவம்பரில் வந்த திருத்தம் 2022 டிசம்பர் 31 என்றது. ஆக, கேமராவைப் பார்க்கிற அண்ணன் கைபேசியில் ஐ.பி.வி.6 இருக்கிறது, கேமரா இருக்கிற தோட்டத்தில் இல்லை.

அண்ணன் கடைசியில் காசு கட்டிப் பொது முகவரி வாங்கினார். டி.வி.ஆரை நேரடியாகத் திறந்துவிடாமல், ரவுட்டரில் வயர்கார்டு என்ற வி.பி.என். போட்டு, அதற்கு ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறந்திருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் சரவணம்பட்டியில் இருந்து பார்த்தவர், மக்காச்சோளத்துக்குள் மயில் இறங்கியிருப்பதைக் கண்டு உடனே போன் போட்டார். பெரியப்பா அதற்குள் கல்லெடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

ஐ.பி.வி.6 எப்போது வரும் என்று அந்த ஊர் கேபிள் அண்ணனிடம் கேட்டேன். “மேல இருந்து வந்தா உடனே குடுத்தர்றமுங்க” என்றார். அந்த ‘மேல’ எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.